எழுதியது சொன்னதாகுமா?

எனக்கு அப்போது பதினொரு வயது. 1970களின் பிற்பகுதி. எங்கள் வயலில் குறுவைப் பயிரைப் புகையான் பிடித்திருந்தது. வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்துகொண்டே போயிற்று. அப்பா நகரத்து உரக்கடையிலிருந்து ஒரு தகர டப்பாவை வாங்கிவந்து திண்ணையில் வைத்துவிட்டு வேறு அலுவலாகச் சென்றுவிட்டார். தெளிக்க வந்தவர் எங்கள் வயலில் நெடுங்காலம் உழைத்தவர். என் பாட்டனார் வயதினர். ஆயினும் எங்கள் வீட்டுச் சிறுவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்தோம். அவரோ என்னைத் "தம்பி" என்பார். "வாங்க, போங்க" என்பார். அந்த முறைகேடு அன்று எவரையும் உறுத்தவில்லை.

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதனோடு மடித்து வைக்கப்பட்டிருந்த தாளைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

பல மொழிகளில் அச்சிட்ட தாள் அது. தமிழ் ஒரு மூலையில் இருந்தது. கடுகைவிடச் சிறிய எழுத்து. ஏக்கருக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்ற இரண்டு வரிகளைப் படித்துச் சொன்னேன். அதற்குக் கீழே நிறைய இருந்தது. தெருவில் கிட்டிப்புள் ஆடப் பையன்கள் காத்திருந்தார்கள். "மீதியெல்லாம் எப்பவும் போடறதுதான்" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் அதை நம்பினார். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் அல்லவா?

அன்று மாலை அவரை வரப்பிலிருந்து தூக்கிவந்தார்கள். உடலெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் நிற்காமல் வழிந்தது, பார்வை மங்கி, எதிரில் நின்றவரை அடையாளம் காண முடியவில்லை. மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து? டப்பா எங்கே?" என்பதுதான். அப்பா சைக்கிளில் திரும்பி ஓடி டப்பாவையும் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்த முதல் மனிதர் அந்த மருத்துவர்தாம். நஞ்சை முறிக்கும் ஊசியின் பெயரும் அதில் இருந்தது. முதியவர் பிழைத்துக்கொண்டார்.

நான் விட்டுவிட்ட வரிகளில் என்ன இருந்தது என்பதைப் பின்னர் படித்தேன். காற்று வரும் திசைக்கு எதிராக நின்று தெளிக்க வேண்டாம், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க, கையுறை அணிக, தெளிக்கும்போது உண்ணவோ புகைக்கவோ வேண்டாம். அவர் வாயில் பீடியோடு தெளித்திருந்தார்.

இது நடந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆயினும் அந்தத் தாள் ஒரு கேள்வியை என்னிடம் விட்டுச் சென்றது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது, அது உண்மையாகவும் முழுமையாகவும் இருந்தது, எங்கள் மொழியிலும் இருந்தது. ஆனால் எவருக்கு அது தேவையோ அவரை வந்தடையவில்லை. அப்படியானால் எச்சரிக்கை செய்யப்பட்டதா, செய்யப்படவில்லையா?

இந்நாட்டில் பூச்சிக்கொல்லி டப்பாவின்மேல் என்ன எழுதப்பட வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுத்ததற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1958-ஆம் ஆண்டில், கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியோடு சேர்த்து ஏற்றிவரப்பட்ட கோதுமை மாவில் அந்நஞ்சு கலந்து, கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்தாண்டுகள் கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் வந்தன. அவ்விதிகளின்படி, லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத இடத்தில், முனைமேல் நிற்கும் சதுரம் ஒன்று அச்சிடப்பட வேண்டும். அதன் மேற்பாதியில் எச்சரிக்கைச் சொல், கீழ்ப்பாதியில் வண்ணம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அதற்கு மண்டையோடும் எலும்புகளும் உண்டு. அடுத்து மஞ்சள், பிறகு நீலம், இறுதியாகப் பச்சை. இந்த வரிசை மனம்போன போக்கில் அமைந்ததன்று. சோதனை விலங்குகளுக்கு வாய்வழியே கொடுக்கும்போது அவற்றில் பாதியைக் கொல்லும் அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை போதுமென்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5000 வரை நீலம். அதற்கும் மேல் பச்சை. உடனே கொல்லும் ஆற்றலின் அளவுகோல் இது. பத்தாண்டுகள் சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து என்ன செய்யும் என்பதை இந்த நான்கு வண்ணங்களும் சொல்வதில்லை.

டப்பாவோடு தரும் தாளில் நஞ்சேறியதன் அறிகுறிகள், முதலுதவி, முறிவு மருந்து, காலி டப்பாவை அழிக்கும் முறை ஆகியவை இருக்க வேண்டும். ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு விற்கப்படும் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும். விதி நல்ல விதிதான். அதை எழுதியவர்கள் மீது எனக்குக் குறையில்லை. முன்பின் அறியாத ஒருவர், எங்கோ இருக்கும் முன்பின் அறியாத இன்னொருவரிடம், "கவனம், இது உன்னைக் கொல்லும்" என்று சொல்வதற்காகக் கண்டுபிடித்த வழி அது. வணிக வரலாற்றில் இது சிறிய அறச்செயலன்று. தன் சரக்கின் குறையைத் தானே சரக்கின்மேல் எழுதி விற்குமாறு வணிகனைப் பணித்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

எனினும் எழுதுவது வேறு, சொல்வது வேறு. இவ்வேறுபாட்டை 1971-இல் ஈராக் நாடு மிகப் பெரும் விலை கொடுத்து அறிந்தது. முந்தைய வறட்சியால் விதைத் தட்டுப்பாடு ஏற்படவே, அந்நாட்டு அரசு வெளிநாட்டிலிருந்து கோதுமையும் வாற்கோதுமையும் தருவித்தது. விதைப்பதற்கான தானியம் அது. பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பாதரசக் கூட்டுப்பொருள் பூசப்பட்டிருந்தது. உண்ணத்தக்கதன்று என்பதைக் காட்டச் செந்நிறச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். சாக்குகளின்மேல் எச்சரிக்கை இருந்தது. ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும். மண்டையோட்டுக் குறியும் இருந்தது. ஆனால் அந்தக் குறி ஈராக்கிய உழவனுக்கு எதையும் உணர்த்தவில்லை. தானியம் வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்புப் பருவம் கடந்துவிட்டது. வீட்டில் பசி, முற்றத்தில் மூட்டை. மக்கள் தானியத்தைக் கழுவினார்கள். சாயம் தண்ணீரோடு போயிற்று. சாயம் போனதால் நஞ்சும் போயிற்று என்று நம்பினார்கள். சிலர் முதலில் கால்நடைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை உடனே சாகவில்லை. பின்னர் ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பாதரசம் வாரக்கணக்கில் காத்திருந்து தாக்கும் நஞ்சு. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர். அங்கே இறந்தவர்கள் 459 பேர் என்பது பதிவான கணக்கு.

இந்நிகழ்ச்சியில் என்னை மிகவும் வாட்டுவது அந்த உழவர்களின் கவனம். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். கழுவினார்கள், சோதித்தார்கள், காத்திருந்தார்கள். தமக்குத் தெரிந்த அளவில் எல்லா முன்னெச்சரிக்கையும் செய்தார்கள். சாயம் என்பது ஓர் எச்சரிக்கைச் சொல் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதை அழுக்கென்று எண்ணி அகற்றினார்கள்.

குறிகள் தாமாகப் பேசுவதில்லை, கற்பிக்கப்பட்டால்தான் பேசும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1971-இல் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று நஞ்சுப் பொருள்களுக்கென்று முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டும் ஒரு பச்சை முகத்தைப் புதிய குறியாக உருவாக்கியது. அவ்வூர்ப் பேஸ்பால் அணிக்குக் கடற்கொள்ளையரின் பெயர். ஆகவே மண்டையோடு அங்குள்ள குழந்தைகளுக்கு அச்சமூட்டவில்லை, விளையாட்டையே நினைவூட்டியது. நம் ஊரிலும் வண்ணங்கள் வேறு பாடம் கற்பித்திருக்கின்றன. நீலப் பாக்கெட், பச்சைப் பாக்கெட் என்றால் நம் தாய்மாருக்குப் பால் நினைவுக்கு வரும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உணவுப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி என்றால் சைவ உணவு. அதே பச்சை பூச்சிக்கொல்லியின் மேல் இருந்தால் நான்காம் தர நஞ்சு. பச்சை என்றால் பாதகமில்லை என்று ஒருவர் எண்ணினால் அவரை எப்படிக் குறை சொல்வது?

வண்ணத்தை விடுங்கள், மொழியே நம்மைக் கைவிட்டிருக்கிறது. நூல்களில் "பூச்சிக்கொல்லி" என்று எழுதுகிறோம். வாயால் எவரும் அப்படிச் சொல்வதில்லை. "பூச்சி மருந்து", "எலி மருந்து", "வயலுக்கு மருந்தடிக்கணும்" என்றே சொல்கிறோம். கொல்வதும் மருந்து, பிழைக்க வைப்பதும் மருந்து. மேலே நான் எழுதிய மருத்துவரின் கேள்வியிலும் அதே சொல்தான். டப்பாவின் மேல் "விஷம்" என்று சிவப்பில் அச்சிட்டிருந்தாலும், அதைக் கையில் கொடுப்பவர் "இந்தாங்க மருந்து" என்று சொல்லிக் கொடுக்கிறார். அச்செழுத்து ஒருபுறம், அன்றாட வழக்கு மறுபுறம். எது வெல்லும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். லேபிள் வாங்குபவரிடம் பேசுகிறது. தீங்கு நேர்வதோ பெரும்பாலும் வேறொருவருக்கு. கேரளத்தில் இறந்தவர்கள் பாரத்தியான் வாங்கியவர்கள் அல்லர், மாவு வாங்கியவர்கள். 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குப் பூச்சிக்கொல்லி தெளித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர்களுள் கூலிக்குத் தெளித்தவர்களும் இருந்தார்கள். கூலிக்காரரின் முதுகில் ஏறும் தெளிப்பானுக்கு லேபிள் கிடையாது. அதற்குள் இருப்பது வெறும் வெண்ணிற நீர்.

நஞ்சு ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு மாறும், எச்சரிக்கை மாறாது. 2013 ஜூலை 16-ஆம் நாள் பீகாரின் சரண் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததை ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. சிவப்பு முக்கோணம் தாங்கிய நஞ்சு அது. அந்த நஞ்சு முன்பு இருந்த கலத்தில் எண்ணெய் வைக்கப்பட்டிருந்தது என்று அறிவிக்கப்பட்டது. காலிக் கலத்தைப் பயன்படுத்தக்கூடாது, அழித்துவிட வேண்டும் என்பது தாளில் எழுதப்பட வேண்டிய செய்தி. தாள் எங்கே போயிற்றோ. கலம் மட்டும் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

பீகார் வரை போக வேண்டியதில்லை. நம் வீடுகளையே பார்ப்போம். தெருவில் கூவி விற்கும் பினாயில் தண்ணீர்ப் புட்டியில் வருகிறது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், குளிர்பானப் புட்டியில். விளக்குக்கு வைத்த மண்ணெண்ணெயைத் தண்ணீரென்று குடித்த குழந்தையின் கதையைக் கேளாத ஊர் தமிழ்நாட்டில் இராது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் இன்னும் வெளுக்கும் என்று எண்ணி, மூடிய குளியலறையில் மூச்சுத் திணறியவர்கள் உண்டு. அக்கலவையிலிருந்து குளோரின் வாயு எழும். கடைகளில் முத்திரையிட்டு விற்கும் புட்டிகளில் "பிற பொருள்களோடு கலக்க வேண்டாம்" என்ற வரி பெரும்பாலும் இருக்கிறது. சில்லறையாக வாங்கும் ஏழைக்கு அந்த வரி கிடைப்பதில்லை. எச்சரிக்கையும் காசுள்ளவர் வாங்கும் பொருளாகிவிட்டதோ என்று சில வேளை எண்ணுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய அறிவுரையோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் அதே சட்டத்தில் விலக்குகளும் உண்டு. பணியிடத்தில் பயன்படுத்துவதற்காக முதலாளி ஒருவர் பொருளை வாங்கி, அவரிடம் எச்சரிக்கை அளிக்கப்பட்டிருந்தால், எச்சரிக்கவில்லை என்று உற்பத்தியாளர் மீது குற்றம் சாட்ட முடியாது. எங்கள் திண்ணையில் நடந்தது இதுதானே! எச்சரிக்கை என் தந்தையின் கைக்கு வந்துவிட்டது. உற்பத்தியாளர் தம் கடமையைச் செய்துவிட்டார். அதற்குப் பின் அந்தத் தாளின் பாரம் எங்களுடையது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு வரப்புக்கும் அவர் வந்து நிற்க முடியுமா? எங்கோ ஓரிடத்தில் அவருடைய பொறுப்பு முடிந்து இன்னொருவருடைய பொறுப்பு தொடங்கத்தான் வேண்டும். நான் மறுப்பது அதையன்று. பொறுப்பு கைமாறும்போது முன்னவரிடமிருந்து முற்றிலும் நீங்கிவிடுகிறது என்ற கணக்கைத்தான் ஏற்க முடியவில்லை. தம் டப்பாவை வாங்குவோரில் பலர் படிக்க இயலாதவர்கள், தெளிப்பவர் வேறொருவர், வெயிலில் உறையும் முகமூடியும் எவரும் அணிவதில்லை என்பவை உற்பத்தியாளருக்குத் தெரியாதவையா? கேளாத செவி என்று தெரிந்துகொண்டே அதில் ஓதிவிட்டு, "நான் சொல்லிவிட்டேன்" என்பது உண்மையாகவும் இருக்கலாம், நேர்மையாக இராது. அத்தகைய எச்சரிக்கை பிறரைக் காக்க எழுதியதன்று. தன்னைக் காத்துக்கொள்ள எழுதியது. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. எழுத்தின் அளவைப் பார்த்தால் சில வேளை வேறுபாடு தெரியும்.

எவ்வளவு பெரிய எழுத்தாலும் பயனில்லாத இடமும் உண்டு. வாழ்வில் நம்பிக்கை இழந்து நிற்கும் ஒருவரிடம் அந்த மண்டையோடு எதைத் தடுக்கும்? அங்கே எச்சரிக்கையே எதிராகத் திரும்பிவிடுகிறது. இலங்கை இதற்கு வேறு விடை தேடியது. மிகக் கொடிய நஞ்சு வகைகளுக்கு 1995-இலும், எண்டோசல்ஃபானுக்கு 1998-இலும் தடை விதித்தது. 1995-ஐ அடுத்த பத்தாண்டில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரங்கள் பாதியாகிவிடவில்லை. போரும் வறுமையும் தொடர்ந்தன. கைக்கெட்டும் தொலைவிலிருந்து ஒரு பொருள் அகற்றப்பட்டது, அவ்வளவுதான். லேபிளை எவ்வாறு திருத்துவது என்று கேட்பதற்கு முன், இதை விற்கத்தான் வேண்டுமா என்று கேட்கத் துணிந்தார்கள். பீகார் துயரத்துக்குப் பின் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பும் ஏறக்குறைய இதையே வளரும் நாடுகளுக்கு அறிவுறுத்தியது.

இவ்வளவும் எழுதிய பின், என் பங்கை எங்கே வைப்பது? உற்பத்தியாளர் எழுதினார், அப்பா வாங்கிவந்தார், முதியவர் கேட்டார். படிக்கத் தெரிந்தவனும் அருகில் இருந்தவனும் நான்தான். பதினொரு வயதுச் சிறுவனை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. அன்று வீட்டிலும் எவரும் கேட்கவில்லை. செய்த தீமையைவிடச் செய்யாமல் விட்டது மனச்சான்றில் நெடுநாள் தங்குகிறது என்பதை மட்டும் அறிந்துகொண்டேன். பிறருக்காகப் படிக்கும்போது எந்த வரி தேவை, எந்த வரி தேவையற்றது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். அந்த உரிமையை நமக்கு யார் தந்தார்கள்?

அடுத்த போகத்தில் அவர் மீண்டும் தெளிக்க வந்தார். இம்முறை அவர் கேட்பதற்கு முன்பே தாளை எடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தேன். புரியாத சொற்களையும் படித்தேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, குந்தியபடி முழுவதையும் கேட்டார். நான் முடித்ததும் கடைசியில் படித்ததை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"காலி டப்பாவை உடைத்துப் பள்ளம் தோண்டிப் புதைத்துவிடவும். வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது."

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து தம் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் சென்ற ஆண்டின் தகர டப்பா இருந்தது. மேலிருந்த தாள் உரிந்து போயிருந்தது; நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக வைத்திருந்தார்கள். உள்ளே பாதி அளவுக்கு நல்லெண்ணெய் இருந்தது.